டியூஷன் நிறுவனத்தில் சேமலாப நிதியில்லாத வேலை: இருந்து கேட்பதா, முறையிடுவதா, விலகுவதா?

கொழும்பில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவர்களுக்கும், பட்டம் பெற்றபின் ஆசிரியர் நியமனத்தை எதிர்பார்த்திருப்பவர்களுக்கும், பிள்ளை பிறந்ததால் முழுநேர வேலையை விட்ட தாய்மாருக்கும் எளிதில் கிடைக்கும் வேலை, சிறுவர்களுக்குப் படிப்பிக்கும் டியூஷன் நிறுவனங்களில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் முன்பு ஒரு மாஸ்டர் தம் வீட்டு விறாந்தையில் வாங்கு போட்டு நடத்திய வகுப்பு, இன்று கிளைகளும் சீருடையும் வரவேற்பு மேசையும் கொண்ட கம்பனியாகியிருக்கிறது. பெற்றோர் கட்டும் பணம் கம்பனிக்குப் போகிறது. பாடத்திட்டம், நேரசூசி, பயிற்சித்தாள், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் எல்லாமே கம்பனியுடையவை. ஆனால் படிப்பிப்பவரிடம் மட்டும் ‘நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, வருகைதரு ஆசிரியர்’ என்று சொல்லப்படுகிறது. இந்த ஒரு வசனத்தின் பெயரால், ஊழியரும் தொழில் வழங்குநரும் மாதந்தோறும் செலுத்திச் சேர்க்கும் சேமலாப நிதியும், சம்பளத்துடனான விடுமுறையும், பல ஆண்டு உழைத்து விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் இல்லாமற் போகின்றன. நானும் அத்தகைய ஓரிடத்தில் தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பு எடுத்தவள். அதே நிலையில் இன்று இருக்கும் தங்கைகளும் தம்பிகளும் என்ன செய்வது என்று கேட்கும்போது அவர்களுக்குச் சொல்வதையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அநீதி எந்த வடிவில் வருகிறது என்பதற்கு, அண்மையில் ஒரு தங்கை என் கையில் தந்த சம்பள உறையைச் சொல்லலாம். மண்ணிற உறை, அதன்மேல் கம்பனியின் பெயர் இல்லை, முத்திரை இல்லை. பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: வகுப்பு 46, ஒன்றுக்கு 700 ரூபாய், மொத்தம் 32,200. அதற்குக் கீழே கழிவுகள்: பிந்தி வந்தது 1,000, நின்றுபோன பிள்ளைகள் 3,000, போட்டோகொப்பி 650. கையில் 27,550. பிள்ளை வகுப்பை விட்டு நின்றால் அதற்கான நட்டத்தைப் படிப்பிப்பவர் ஏற்க வேண்டும் என்பது அங்கே வாய்மொழி விதி. பயிற்சித்தாள் திருத்தும் நேரத்துக்கும், இரவு பத்து மணிக்குப் பெற்றோரின் வட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரத்துக்கும், புதிய பிள்ளைகளுக்கான இலவச அறிமுக வகுப்புக்கும் அந்த உறையில் ஒரு சதமும் இல்லை. இவை போதாதென்று, சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி அலுவலக அலுமாரியில் கிடக்கிறது.

எந்த வழியைத் தெரிவதானாலும் அதற்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஊழியரா? ஒப்பந்தத்தில் ‘சுயாதீனமானவர்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள்; அது சரியல்ல. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளர் என்பதற்குத் தரும் வரைவிலக்கணம் மிக அகலமானது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும், வெளிப்படையாக இருந்தாலும் நடத்தையிலிருந்து ஊகிக்கத்தக்கதாக இருந்தாலும் அது பொருந்தும். ஒருவர் தாமே நேரில் ஒரு வேலையைச் செய்து தருவதற்கான ஒப்பந்தத்தையும் அது உள்ளடக்குகிறது. நீதிமன்றங்களும் தாளில் உள்ள பெயரை மட்டும் பார்ப்பதில்லை. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், அந்த வேலை நிறுவனத்தின் அன்றாட நடவடிக்கையோடு எவ்வளவு ஒன்றியது, இலாப நட்டத்தின் பொறுப்பு யாருடையது என்பவற்றைப் பார்க்கின்றன. எந்த மணிக்கு வர வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எந்தப் பக்கம் படிப்பிக்க வேண்டும் என்று கம்பனி தீர்மானிக்கிறதானால், உங்களுக்குப் பதிலாக உங்கள் தோழியை அனுப்ப முடியாதென்றால், பிந்தி வந்ததற்குத் தண்டப்பணம் வெட்டப்படுகிறதென்றால், அந்தக் கட்டுப்பாடுகளே உங்கள் சாட்சி. உறையில் உள்ள ‘பிந்தி வந்தது 1,000’ என்ற பென்சில் வரி, அதை எழுதியவருக்கு எதிராகவே பேசக்கூடியது.

முதல் வழி, இருந்துகொண்டே கேட்பது. பெரும்பாலானோர் இதைத்தான் முதலில் நினைக்கிறார்கள்; நிறுவனம் சிறியதாகவும் நடத்துபவர் நேரில் பேசக்கூடியவராகவும் இருந்தால் இது பலிக்கவும் செய்யும். தண்டப்பணம் குறையும், சம்பளத் திகதி ஒழுங்காகும், சான்றிதழ் திரும்பக் கிடைக்கும். ஆனால் சேமலாப நிதி என்ற சொல் வந்தவுடன் பேச்சு நின்றுவிடுவதையே நான் கண்டிருக்கிறேன், ஏனென்றால் ஒருவருக்குக் கட்டத் தொடங்கினால் எல்லாருக்கும் கட்ட வேண்டும். ஆகவே இந்த வழியைத் தெரிபவர்கள் வாயால் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. நியமனக் கடிதம், மாதாந்தச் சம்பளச் சிட்டை, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு பக்கக் கடிதத்தைப் பணிவாகவே எழுதி, மின்னஞ்சலிலும் அனுப்பி வைக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதம் பின்னர் பயன்படும். முழுநேரமாக வேலை செய்பவர்கள் சம்பளத்தின் கீழெல்லையையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழான மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கழிவுகளுக்குப் பின் 27,550 தருகிற அந்த உறை இந்தக் கணக்கில் நிற்குமா என்று கேட்கும் உரிமை அதை வாங்குபவருக்கு உண்டு.

இரண்டாவது வழி தொழில் திணைக்களத்தில் முறையிடுவது. என் கருத்தில் இதுவே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுகிற, ஆனால் மிகுந்த வலுவுள்ள வழி. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஊழியர் தம் உழைப்பூதியத்தில் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இதை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. தற்காலிகம், தகுதிகாண் காலம், அமயம், வேலையளவுக் கூலி என்று எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் முதல் நாளிலிருந்தே இந்தக் கடமை தொடங்குகிறது. ‘மூன்று மாதம் போகட்டும், பிறகு பார்ப்போம்’ என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இதைத் தொகையாகப் பார்த்தால்தான் அதன் பாரம் புரியும். அந்த உறையின் 32,200 ரூபாய்க்கு 12 வீதம் 3,864. 3 வீதம் 966. இரண்டும் சேர்ந்து மாதம் 4,830. இதே வருமானம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்ததாகக் கொண்டால் 173,880 ரூபாய் அந்தத் தங்கைக்குச் சேராமல் போயிருக்கிறது. ஒவ்வொரு மாதப் பங்களிப்பும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஓராண்டைத் தாண்டினால் 50 வீதம்வரை ஏறும். நிலுவை கட்டப்படாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகம் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அதை அறவிட முடியும். அதாவது, வழக்குத் தொடுக்கும் சுமை உங்கள் தோளில் இல்லை; சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவருக்கு இது பெரிய ஆறுதல்.

தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது; நிறுவனம் அமைந்துள்ள பகுதிக்குரிய தொழில் அலுவலகத்திலும் முறைப்பாட்டைக் கொடுக்கலாம். அங்கே போகத் தயங்குபவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது ஒரே காரணம்: ‘எனக்குச் சிங்களம் எழுத வராது, அக்கா.’ தமிழும் அரச கரும மொழி என்பது 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசியலமைப்பில் உள்ளது. கொழும்பைப் போன்று சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடங்களிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். நடைமுறையில் விசாரணை நாளன்று மொழிபெயர்ப்பில் தாமதம் நேரலாம். அதற்காக, புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம்.

இந்த வழியின் விலை, வெளிப்பட்டுவிடும் அச்சம். விசாரணைக்கு இரு தரப்பினரும் அழைக்கப்படும்போது பெயர் தெரியத்தான் செய்யும். அதனால்தான் ஒருவர் தனியே போவதைவிட மூன்று நான்கு பேர் ஒரே முறைப்பாட்டில் கையொப்பமிடுவது நல்லது என்கிறேன். தொழில் உத்தியோகத்தர் நிறுவனத்துக்கு வந்து வரவுப் பதிவையும் சம்பளப் பதிவையும் பார்க்கும்போது, ஒருவரின் குறையாக இருந்தது அந்த இடத்தின் வழக்கமாகத் தெரிய வரும். இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேமலாப நிதியைப் பொறுத்தவரை இந்த வழி உறுதியானது. தண்டப்பணம், இரவு வேலை, பெற்றோர் முன்னிலையில் அவமதிப்பு போன்றவற்றுக்கு அதே வேகத்தில் தீர்வு வராது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு என்ற விதிகள் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் உள்ளவை. வரவேற்பு மேசையிலும் கணக்குப் பகுதியிலும் இருப்பவர்கள் இதை நேராகவே எடுத்துக்கொள்ளலாம். வகுப்பு எடுப்பவர்கள் இதை முதன்மையாக வைத்து வாதாடுவதைவிட, சேமலாப நிதியை முன்வைத்துத் தொடங்குவதே பாதுகாப்பானது.

மூன்றாவது வழி தொழில் நியாய சபை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு உரியது இது. ஆகவே இதற்கான ஆயத்தம் நீக்கப்படுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். நீக்கப்பட்ட திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முத்திரைக் கட்டணம் இல்லை. விண்ணப்பதாரர் தாமே தோன்றலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியையோ சட்டத்தரணியையோ அனுப்பலாம். சபை நீதியும் நியாயமுமான கட்டளையை வழங்க வேண்டும் என்பதால் ஒப்பந்தத்தின் எழுத்துக்குள் அது கட்டுண்டு நிற்பதில்லை. வேலையில் மீள அமர்த்தவோ நட்டஈடு வழங்கவோ கட்டளையிடலாம். குறை என்னவென்றால், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. அதன்பின் மாகாண மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடும் வரலாம். இருபத்திரண்டு வயதில் வேலையிழந்த ஒருவர் அதற்குள் வேறு வாழ்க்கைக்குப் போயிருப்பார். ஆகவே குறுகிய காலம் வேலை செய்தவருக்கு இதை முதல் வழியாக நான் சொல்வதில்லை. பல ஆண்டுகள் உழைத்தபின் ஒரு வட்ஸ்அப் செய்தியில் நீக்கப்பட்டவருக்கு இதைத் தவிர வேறு வழியைச் சொல்வதும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பனிகள் பெரும்பாலும் நீக்குவதில்லை. விலகல் கடிதம் எழுதச் சொல்கின்றன. மெல்ல மெல்ல வகுப்புகளைக் குறைத்து, தூரத்துக் கிளைக்கு மாற்றி, இறுதியில் ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், மிச்சச் சம்பளத்தைத் தருகிறோம்’ என்று கேட்பார்கள். அந்த ஒரு வரியை எழுதினால் தொழில் வழங்குநர் உங்களை நீக்கினார் என்று பின்னர் நிறுவுவது மிகக் கடினமாகிவிடும். நெருக்கடி தாங்காமல்தான் விலகுகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள்: எத்தனை வகுப்பு குறைக்கப்பட்டது, எந்தத் திகதியிலிருந்து, எவ்வளவு சம்பளம் நிலுவை. ‘எனக்கு வரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில், பெற்றுக்கொள்ளாதவரை கையொப்பமிட வேண்டாம். மிச்சச் சம்பளம் நீங்கள் ஏற்கெனவே உழைத்தது. அதற்கு நிபந்தனை விதிக்க எவருக்கும் உரிமையில்லை. கிளை மூடப்படுவதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை அவரது எழுத்துமூலச் சம்மதமோ ஆணையாளரின் அனுமதியோ இன்றி இவ்வாறு நிறுத்த முடியாது.

நான்காவது, தொழிற்சங்கமாகச் சேர்வது. ஏழு பேர் இருந்தால் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஊழியரில் 40 வீதத்தினர் அங்கத்தவராயின் தொழில் வழங்குநர் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர். சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை நீக்குவது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கான 1999ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது. தோட்டத் தொழிலாளரின் சங்கங்களைப் பார்த்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இது புதிதன்று. ஆயினும் டியூஷன் ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் சந்திப்பதே அரிது. ஒருவர் வகுப்பை முடித்துப் படியிறங்கும்போது மற்றவர் ஏறுகிறார். பலர் ஓராண்டுக்குள் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். பெரிய நிறுவனத்தில், நீண்டகாலம் இருக்க எண்ணுபவர்கள் கூடும்போது மட்டுமே இதை நம்பி இறங்கலாம்.

முகநூலில் எழுதுவதை ஐந்தாவது வழியாக நான் எண்ணுவதில்லை. அது சேமலாப நிதியில் ஒரு ரூபாயையும் சேர்க்காது. அவதூறு வழக்குக்கும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழான முறைப்பாட்டுக்கும் கம்பனிக்கு வாய்ப்புக் கொடுக்கும்.

மிஞ்சியிருப்பது விலகிச் சொந்த வகுப்புத் தொடங்குவது. பெற்றோர் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,500 ரூபாய் கட்டுவதாக வைத்தால், 13 பிள்ளைகள் சேர்ந்தாலே உறையில் இருந்த 32,200ஐத் தாண்டிவிடும். தண்டப்பணம் இல்லை, நேரமும் உங்கள் கையில். நல்ல ஆசிரியர்களுக்கு இது பொருந்தும் என்றே நான் நம்புகிறேன், ஏனென்றால் வெள்ளவத்தையில் பெற்றோர் கம்பனியின் பெயருக்காக அன்றி, ‘அந்த டீச்சர் நல்லாப் படிப்பிப்பா’ என்ற சொல்லுக்காகவே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையில் 13 பிள்ளைகளை இருத்தினால் வீட்டுச் சொந்தக்காரரும் பக்கத்து வீட்டாரும் என்ன சொல்வார்கள் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். ஆண்டிறுதி விடுமுறையில் வருமானம் அறவே நின்றுபோகும். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய்வரை தனிநபர் நிவாரணத்துக்குள் அடங்குவதால் பெரும்பாலானோருக்கு வருமான வரி வராது. சுயதொழில் செய்பவர்களும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் விரும்பிச் சேரலாம். இதைச் செய்பவர்கள் அரிது, செய்ய வேண்டும்.

இந்த வழிக்குத் தடையாகக் கம்பனி காட்டுவது, ‘விலகி ஈராண்டுக்குள் இந்தப் பகுதியில் படிப்பிக்கக் கூடாது’ என்ற ஒப்பந்த வாசகம். இத்தகைய தடைகளை நீதிமன்றம் நியாயமானவையா என்ற அளவுகோலால் நோக்கும். காலமும் தூரமும் மிகையாக இருந்தால் அவை நிலைப்பது கடினம். எனினும் கம்பனியின் பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்களைப் பட்டியலாக எடுத்துக்கொண்டு போவதையும், அதன் பயிற்சித்தாள்களைப் படியெடுத்து வகுப்பில் கொடுப்பதையும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அது சட்டத்தில் உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்கும், நியாயமும் அல்ல. உங்கள் தாள்களை நீங்களே தயாரியுங்கள், தேடி வரும் பெற்றோரை வரவேற்றுக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதைத் தெரிவது என்று கேட்டால், விலகுவதையும் முறையிடுவதையும் ஒன்றுக்கொன்று எதிரான வழிகளாகப் பார்க்க வேண்டாம் என்பதே என் முதற்பதில். மௌனமாக விலகிப் போவதுதான் கம்பனிக்கு மிக மலிவானது. அடுத்த கிழமையே உயர்தரம் முடித்த இன்னொரு பிள்ளையை அந்தக் கதிரையில் இருத்திவிடலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே நேரசூசி, வகுப்புப் பட்டியல், சம்பள உறைகள், வட்ஸ்அப் கட்டளைகள் ஆகியவற்றைப் படமெடுத்துச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். கம்பனியின் வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பின் அவற்றைத் தேடிப் பயனில்லை. அடுத்து மூலச் சான்றிதழை எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறுங்கள். அதன் பின் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். விலகுவதானால் அதற்குப் பிறகு விலகுங்கள். ஓராண்டுக்கும் குறைவாக இருந்து, பல்கலைக்கழகத்துக்குப் போக இருப்பவர்கள்கூடச் சேமலாப நிதி முறைப்பாட்டை விட்டுவிடத் தேவையில்லை. அந்தக் கணக்கு அடுத்த வேலையிலும் தொடரும். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பித் தாயும் தம்பியும் இருக்கிறார்கள் என்றால், சொந்த வகுப்பில் ஆறேழு பிள்ளைகள் சேரும்வரை முறைப்பாட்டைத் தள்ளிவைப்பதில் தவறில்லை. ஆதாரம் சேர்ப்பதை மட்டும் தள்ளிவைக்கக் கூடாது.

ஐந்தாண்டை நெருங்கியவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரராயின் ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம், ஏனையோராயின் 14 நாள் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும்; தாமாக விலகினாலும் இந்த உரிமை போகாது. நாலரை ஆண்டு முடிந்திருக்கும் ஒருவர் கோபத்தில் இந்த மாதமே கடிதம் கொடுத்தால் இந்தத் தொகை முழுவதையும் இழப்பார். அவருக்கு நான் சொல்வது, மிச்ச மாதங்களை எண்ணி இருந்து, வகுப்பு எடுத்த ஒவ்வொரு நாளையும் ஒரு கொப்பியில் குறித்து, ஐந்தாண்டு நிறைந்த திகதியைத் தாண்டிய பின்பே விலகல் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான். அந்தக் கடிதத்திலேயே சேர்ந்த திகதியையும் விலகும் திகதியையும் எழுதி, பணிக்கொடையையும் கேட்டு, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்க வேண்டும். கையொப்பமிட மறுத்தால் அன்றே பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.